ஜப்பானுக்கு மாற்றல், வாசலில் மூன்று வண்டிகள்: ஓர் அமெரிக்கப் படைக் குடும்பத்தின் வாகன முடிவுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் பிராக் தளத்தில் பணியாற்றும் தரைப்படை சார்ஜென்ட் ஒருவருக்கு, ஜப்பானின் கனகாவா மாகாணத்தில் உள்ள கேம்ப் ஸாமா தளத்துக்கு மூன்றாண்டுப் பணியிட மாற்றல் ஆணை வருகிறது. மனைவியும் பள்ளி செல்லும் இரு குழந்தைகளும் உடன் செல்கிறார்கள். வாசலில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, கடனில் வாங்கிய நான்கு கதவுப் பெரிய பிக்கப் டிரக். இரண்டாவது, மனைவி ஓட்டும், லீஸில், அதாவது நீண்டகால வாடகை ஒப்பந்தத்தில், எடுத்த சிறிய எஸ்யூவி. மூன்றாவது, கடன் முழுதும் அடைந்துவிட்ட 2012ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. புறப்படுவதற்கு நான்கு மாதம் இருக்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அன்று. இத்தகைய மாற்றல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளை ஒன்றுசேர்த்து ஆய்வுக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. கடன் தொகை, விற்பனை விலை ஆகிய எண்கள் கணக்குப் போடுவதற்காக எடுத்துக்கொண்டவை. சட்டங்களும் விதிகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இந்நிலையில் குடும்பங்கள் முதலில் எடுக்க விரும்பும் முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. விலை உயர்ந்த வண்டியை அரசுச் செலவில் கிடங்கில் விட்டுவிடலாம், பழைய காரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், லீஸ் வண்டிக்கு அபராதம் கட்டித் தொலைக்கலாம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நம் குடும்பமும் அப்படித்தான் தொடங்குகிறது. மூன்று வண்டிகளின் காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மூன்றிலும் அந்த எண்ணம் தவறாகிவிடுகிறது.

அரசு எதற்குப் பணம் தருகிறது

படைவீரரின் சொந்த வாகனத்தை அரசு ஏற்றி அனுப்புவதற்கும் கிடங்கில் வைப்பதற்கும் அடிப்படை, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 2634ஆம் பிரிவு. வெளிநாட்டுக்கு மாற்றலாகும் படைவீரரின் ஒரு வாகனத்தை, அந்த இடத்துக்கு அனுமதி இருந்தால், அரசு கப்பலில் அனுப்பும். போய்ச் சேரும் நாட்டின் சட்டம் வண்டியை உள்ளே விடாது என்றாலோ, உள்ளே விடுவதற்குப் பெருமளவு மாற்றங்களைக் கோரும் என்றாலோ, அனுப்புவதற்குப் பதிலாக ஒரு வண்டியைக் கிடங்கில் வைக்கும் செலவை அரசு ஏற்கும். அனுப்புவதும் வைப்பதும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. ஒரு வண்டியை அனுப்பிவிட்டு இன்னொன்றை அரசுச் செலவில் கிடங்கில் விடவும் முடியாது, அனுப்ப அனுமதி உள்ள நாட்டுக்குப் போகிறவர் விருப்பப்பட்டதால் மட்டும் கிடங்கைக் கேட்கவும் முடியாது.

ஜப்பான், பெருமளவு மாற்றங்களைக் கோரும் நாடுகளின் வகையைச் சேர்ந்தது. 1976 மார்ச் 31க்குப் பிறகு தயாரான வாகனங்களை அந்நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப மாற்றுவது மிகுந்த செலவு வைக்கும் என்பதால், படைத்துறை அவற்றை ஜப்பானுக்கு அனுப்புவதில்லை. ஆகவே நம் சார்ஜென்டுக்கு அனுப்பும் கேள்வியே எழவில்லை. எந்த ஒரு வண்டியைக் கிடங்குக்குத் தருவது, மற்ற இரண்டையும் எப்படிக் கைவிடுவது என்பது மட்டுமே கேள்வி.

செலவை அரசு ஏற்பதால், கையிலிருப்பதில் மிக விலை உயர்ந்ததற்கே இந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டும் என்ற உந்துதல் இங்கே தலைதூக்குகிறது. கிடங்கு வாடகை ஒரு டிரக்குக்கும் ஒரு கொரோலாவுக்கும் குடும்பத்தின் பையிலிருந்து ஒரு காசும் எடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வாடகை அல்லாத மற்றச் செலவுகள் இரண்டு வண்டிகளுக்கும் ஒன்றல்ல. அதைக் கணக்கில்தான் காண முடியும்.

டிரக்: நிற்கும் வண்டிக்குத் தவணை

டிரக்கின் மேல் 31,000 டாலர் கடன் பாக்கி இருக்கிறது, வட்டி 7.5 விழுக்காடு, இன்னும் 60 மாதத் தவணை, மாதத் தவணை சுமார் 621 டாலர். தனியாருக்கு விற்றால் 33,000 டாலரும், டீலரிடம் கொடுத்தால் 30,500 டாலரும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு கழித்து, ஓடாத வண்டி என்ற நற்பெயரோடு, அதன் மதிப்பு 22,000 டாலராக இருக்கும் என்றும் கொள்வோம். ஓடாவிட்டாலும் மாடலின் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். சந்தை, வண்டி ஓடிய தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆண்டையும் பார்க்கிறது.

36 மாதத் தவணையாக மொத்தம் ஏறத்தாழ 22,360 டாலர் கட்டப்பட்டிருக்கும். அதில் சுமார் 5,170 டாலர் வட்டி மட்டுமே. அப்போதும் 13,800 டாலர் கடன் மிச்சமிருக்கும். 22,000 டாலர் மதிப்புள்ள வண்டியில் குடும்பத்தின் பங்கு 8,200 டாலர். கட்டிய 22,360 டாலரிலிருந்து இதைக் கழித்தால் 14,160 டாலர் போயிருக்கிறது. இன்றே டீலரிடம் கொடுத்து, கடனை அடைக்கப் போதாத 500 டாலரைக் கையிலிருந்து போட்டு முடித்திருந்தால், அந்த 500 டாலரோடு கணக்கு முடிந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 13,660 டாலர். தனியாருக்கு விற்கும் விலையை வைத்துப் பார்த்தால் இடைவெளி 16,000 டாலரைத் தாண்டும். மூன்றாண்டு யாரும் ஓட்டாத ஒரு வண்டிக்கு மாதம் 380 முதல் 450 டாலர் வரை கொடுப்பதற்கு இது சமம். திரும்பி வந்து அதே வயதுள்ள, அதே மாதிரி டிரக்கை 22,000 டாலருக்கு வாங்கி, வட கரோலினாவிலேயே பதிவு செய்து 3 விழுக்காடு வாகன வரி கட்டினால்கூட, அந்த வரி 660 டாலர்தான்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் தெளிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. படையில் இருப்பவரின் கடன் வட்டியைச் சட்டம் 6 விழுக்காட்டுக்கு இறக்கித் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். படைவீரர் குடிமை நிவாரணச் சட்டத்தில் அந்த வரம்பு இருப்பது மெய். ஆனால் அது படையில் சேர்வதற்கு முன்னால் வாங்கிய கடன்களுக்கு மட்டுமே உரியது. சார்ஜென்ட் இந்த டிரக்கைப் பணியில் இருக்கும்போது வாங்கினார், 7.5 விழுக்காடு அப்படியே நிற்கும். அதே சட்டம் லீஸை முடித்துக்கொள்ள வழி தருவதுபோல் கடனை முடித்துக்கொள்ள வழி எதுவும் தருவதில்லை.

கடன் கொடுத்த நிறுவனத்தின் பிடியும் சேர்ந்து வருகிறது. அடமானத்தில் உள்ள வண்டியைக் கப்பலேற்றவோ கிடங்கில் விடவோ அந்நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி தேவைப்படும். தனியாருக்கு விற்பதிலும் சிக்கல் இதுவே: டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம் கடன் கொடுத்தவரின் பிடியில் இருக்கும்வரை வாங்குபவரின் கைக்கு அது நேரடியாகப் போகாது, வட கரோலினாவில் விற்பவரின் கையொப்பத்தை நோட்டரி சான்றளிக்கவும் வேண்டும். இதையெல்லாம் கேம்ப் ஸாமாவிலிருந்து தொலைபேசியில் நடத்துவது எத்தனை பெரிய தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. விற்பதென்றால் விமானம் ஏறும் முன் விற்று முடிப்பது, அல்லது விற்பதற்கென்றே வரையறுக்கப்பட்ட பவர் பத்திரத்தை நம்பகமான ஒருவர் பெயரில் எழுதி வைப்பது என்ற இரண்டே வழிதான் உண்டு. தளத்தின் சட்ட உதவி அலுவலகம் அப்பத்திரத்தைக் கட்டணமின்றி எழுதித் தரும். கடன் நிறுவனம் தன் சொந்தப் படிவத்தை வற்புறுத்துகிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

டிரக்கை விற்பது என்பதே முடிவு. தனியாருக்கு விற்கப் புறப்பாட்டுக்கு எட்டு வாரம் முன்னதாகத் தொடங்கி, நான்கு வாரம் மிச்சமிருக்கும்போதும் ஆள் கிடைக்கவில்லை என்றால் டீலரிடம் தருவது என்று நாள் குறித்துக்கொள்வது சரி. கடைசி வாரத்தில் டீலரிடம் போய் நிற்கும் படைவீரரிடம் பேரம் பேசும் வலு இருப்பதில்லை; தளத்தைச் சுற்றியுள்ள டீலர்களுக்கு மாற்றல் பருவம் எப்போது என்பது நன்றாகவே தெரியும்.

லீஸ் வண்டி: அபராதம் இல்லை, ஆனால் நாள் கணக்கு உண்டு

எஸ்யூவியின் லீஸில் இன்னும் 20 மாதம் இருக்கிறது. இடையில் முடித்தால் பெரிய தொகை என்று ஒப்பந்தம் சொல்கிறது. குடும்பம் அதைப் படித்துவிட்டுத்தான் கவலைப்படுகிறது. படைவீரர் குடிமை நிவாரணச் சட்டம் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. பணியில் இருக்கும்போது வாகன லீஸ் எடுத்த ஒருவருக்கு, அமெரிக்கப் பெருநிலத்துக்குள் உள்ள ஓரிடத்திலிருந்து அதற்கு வெளியே உள்ள ஓரிடத்துக்குப் பணியிட மாற்றல் ஆணை பிற்பாடு வந்தால், அவர் லீஸை முடித்துக்கொள்ளலாம். எழுத்துமூல அறிவிப்பும் ஆணையின் நகலும் லீஸ் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அறிவிப்பு சேர்ந்த 15 நாட்களுக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். இரண்டும் நடந்த அன்று லீஸ் முடிகிறது. மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்ட லீஸாக இருந்தால் அவருடைய பொறுப்பும் அதோடு முடிகிறது. இடைமுடிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. அளவுக்கு மீறிய தேய்மானம், கூடுதல் மைல், செலுத்தாத வரி போன்றவற்றை மட்டும் கேட்கலாம். முன்கூட்டிக் கட்டிய தொகையில் முடிவு நாளுக்குப் பிந்திய பங்கை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் படைவீரர்கள் பெரும்பாலும் கேட்டுப் பெறுவதில்லை. லீஸ் தொடக்கத்தில் மொத்தமாகக் கட்டி மாத வாடகையைக் குறைத்துக்கொண்ட தொகையும் முன்பணம்தான் என்பது அமெரிக்க நீதித்துறையின் நிலைப்பாடு; இது தொடர்பாக 2018இல் பிஎம்டபிள்யூவின் நிதிப் பிரிவு 21 லட்சம் டாலருக்கும் மேல் படைவீரர்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. ஆகவே நம் குடும்பம் வண்டியை ஒப்படைக்கும்போது தொடக்கத் தொகையின் ரசீதையும் எடுத்துப் போக வேண்டும். டீலர் நீட்டும் தாளில், சட்ட உரிமைகளைத் துறப்பதாக எழுதிய எதிலும் கையொப்பமிடக் கூடாது. ‘இதையே வாங்கிக்கொள்ளுங்கள்’, ‘புதிய லீஸாக மாற்றித் தருகிறோம்’ என்ற பேச்சுக்கும் இடம் தரக் கூடாது. உரிமைத் துறப்பு தனி ஆவணமாக, 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம், அதைச் சிற்றெழுத்தில் ஒளித்து வைக்கும் வழக்கம் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

15 நாள் என்பது வேறொரு கோணத்திலும் முக்கியம். அறிவிப்பை முன்னதாகவே அனுப்பிவிட்டால் புறப்படும் வரை ஓட்ட வண்டி இருக்காது. டிரக் விற்றுப்போன பின் குடும்பம் ஓட்டப்போவது இந்த எஸ்யூவியும் கொரோலாவும்தான். புறப்பாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அறிவிப்பை அனுப்பி, கடைசி நாட்களில் வண்டியை ஒப்படைப்பது பொருந்தும். அறிவிப்பைக் கையில் கொடுத்து ஒப்புகை பெறுவது, அல்லது ஒப்புகை வரும் அஞ்சலில் அனுப்புவது அவசியம்.

கொரோலா: கிடங்குக்கு ஏற்றது இதுவே

கொரோலாவின் இன்றைய மதிப்பு 6,500 டாலர் என்று கொள்வோம். கடன் இல்லை, வட்டி இல்லை. மூன்றாண்டில் அது எவ்வளவு மதிப்பிழந்தாலும் டிரக் இழப்பதில் ஒரு சிறு பங்குக்கு மேல் போகாது. திரும்பி வந்த வாரமே ஓட்டிப்போக ஒரு வண்டி இருக்கும் என்பது கூடுதல் நன்மை. வந்து இறங்கிய குடும்பம் அவசரத்தில் மோசமான கடனில் வண்டி வாங்குவதை அது தடுக்கும். விலை உயர்ந்ததையே கிடங்கில் விட வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் தலைகீழாகிறது. அரசின் சலுகை, கடனற்ற, ஏற்கனவே மதிப்பிழந்து முடிந்த வண்டிக்கே முழுப் பயன் தருகிறது.

ஆனால் 2012 கொரோலா என்பதால் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. 2009 முதல் 2013 வரையான கொரோலாக்கள், டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறும் அழைப்பில் அடங்கியவை. அந்த ஏர்பேக்குகளை விரியச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், நீண்ட காலம் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உட்படும்போது நிலை கெட்டு, உலோகத் துண்டுகள் சிதறும் அளவுக்கு வெடித்துவிடும் ஆபத்து உண்டு. வண்டியின் அடையாள எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்து, பாக்கி இருந்தால் டொயோட்டா டீலரிடம் இலவசமாக மாற்றிக்கொண்டுவிட்டே கிடங்குக்குத் தர வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் வண்டி வெளியும் உள்ளும் கழுவப்பட்டிருக்க வேண்டும். எரிபொருள் கால் தொட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. தனிப்பட்ட பொருட்கள் உள்ளே இருக்கக் கூடாது. பரிசோதகர் கீறல், பள்ளம் ஒவ்வொன்றையும் படிவத்தில் குறிப்பார். அப்படிவமே பின்னாளில் இழப்பீட்டுக்கு ஆதாரம் என்பதால், உடன் நின்று சரிபார்த்து, அதே வெளிச்சத்தில் படமும் எடுத்துக்கொள்வது தேவை.

காப்பீட்டில் வட கரோலினா ஒரு பொறி வைத்திருக்கிறது. அங்கே மூன்றாம் தரப்புக் காப்பீட்டை நிறுத்துவதற்கு முன் நம்பர் பிளேட்டை மாநில வாகனத் துறையிடம் திருப்பித் தர வேண்டும். வரிசை மாறினால், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் காப்பீடு அறுந்ததற்கான அபராதம் வரும். டிரக்குக்கும் இதே விதி. கொரோலாவுக்குத் திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றை மட்டும் ஈடுகட்டும் குறைந்த காப்பீட்டைத் தொடர்வது, பணத்தைவிடத் தொடர்ச்சிக்காகவே பயனுடையது. காப்பீட்டு வரலாற்றில் மூன்றாண்டு வெற்றிடம் இருப்பவரிடம், திரும்பி வந்ததும் கூடுதல் பிரீமியம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

ஆணை ஜெர்மனிக்கு வந்திருந்தால்

முடிவைத் தீர்மானிப்பது போகும் நாடே என்பதை இந்த ஒப்பீடு காட்டும். இதே குடும்பம் கைசர்ஸ்லாட்டர்னுக்குப் போவதாக இருந்தால், ஒரு வண்டியை அரசு அனுப்பும்; கிடங்கு கிடையாது. அனுப்பும் வண்டி 20 அளவு டன்னுக்குள், அதாவது 800 கன அடிக்குள் இருக்க வேண்டும். மீறினால் மீறிய அளவுக்குப் படைவீரரே பணம் கட்டுவார். 19.3 அடி நீளம், 6.7 அடி அகலம், 6.4 அடி உயரம் உள்ள பிக்கப் டிரக் 827 கன அடியை எட்டிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பின் பழைய ஊர்த் தெருக்களிலும் அடித்தள வாகன நிறுத்தங்களிலும் அதை நுழைப்பது வேறொரு சிக்கல். கொரோலாவை அனுப்புவதே அங்கும் சரியாக இருக்கும். ஆனால் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் கருப்புப் படலம் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் ஒளிரும் மேலங்கியும் வாங்க வேண்டும். பனிக்காலச் சாலையில் மலைக்குறியோடு கூடிய பனித்துகள் முத்திரை பெற்ற டயர் வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ என்று மட்டும் பொறித்த டயர்கள் 2024 அக்டோபர் முதல் அதற்குப் போதா.

கப்பலில் போகும் வண்டி வந்து சேரப் பல வாரம் ஆகும். அதற்கான நாள் குறிக்கப்பட்டாலும் அதை முழுதும் நம்பித் திட்டமிடுவது சரியல்ல. 2014 கோடையில் இந்த அனுப்பும் பணியின் ஒப்பந்தம் கைமாறியபோது ஆயிரக்கணக்கான வண்டிகள் தாமதமாயின. குறித்த நாளில் வண்டி வராதவர்களுக்கு வாடகைக் கார் ஈடாக அப்போது கிடைத்தது நாளுக்கு 30 டாலர் வீதம் ஏழு நாட்கள் மட்டுமே.

எதை எப்போது

வரிசையில் ஒரே நெறிதான் உண்டு: திரும்பப் பெற முடியாத செயலைக் கடைசியில் வைப்பது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பாதுகாப்புத் துறை மாற்றல் பயணங்களை நிறுத்தியபோது, வண்டியை விற்றும் அனுப்பியும் முடித்திருந்த குடும்பங்கள் பழைய ஊரிலேயே வண்டியின்றித் தங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பயண நிறுத்த ஆணைக்கு உள்ளானவர்களையும் லீஸ் பாதுகாப்புக்குள் கொண்டுவரச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் விற்ற காரைத் திருத்தம் மீட்டுத் தராது. குடும்பத்தினர் பெயர் ஆணையில் ஏறி, உடன் செல்லும் அனுமதி எழுத்தில் வரும்வரை எந்த வண்டியையும் கைவிடக் கூடாது. டிரக்கை முதலில் விற்பதற்குக் காரணம், அது போனாலும் இரண்டு வண்டிகள் மிஞ்சுகின்றன என்பதே. அடுத்தது எஸ்யூவி. கொரோலாவை ஒப்படைக்கும் நாள், விமானத்துக்கு முந்திய சில நாட்களுக்குள்.

ஜப்பானில் இறங்கியதும், புறப்படும் படைக் குடும்பம் ஒன்றிடமிருந்து பழைய வலப்பக்க ஸ்டியரிங் கார் ஒன்றை வாங்குவதே அங்கே வழக்கம். தளத்தில் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். நம் ஊரைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அமெரிக்கர்களுக்குச் சில நாள் தடுமாற்றம் இருக்கும். வாங்கும் காருக்குக் கட்டாயக் காப்பீட்டோடு இணைந்த தகுதிப் பரிசோதனையின் செல்லுபடிக் காலம் எப்போது முடிகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பரிசோதனை நெருங்கும் மலிவான கார், செலவில் மலிவாக இருப்பதில்லை. தளத்துக்கு வெளியே குடியிருந்தால் வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சான்றும் வேண்டும். தளத்துக்கு அருகிலுள்ள ஸோபுதைமாயே நிலையத்திலிருந்து ஒடக்யு ரயில் ஓடுவதால் இரண்டாவது காரை வாங்குவதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம்.

அங்கே வாங்கும் காரைத் திரும்பும்போது கொண்டுவரும் எண்ணம் பலருக்கு எழும். அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்குக் கட்டப்படாத கார், தயாராகி 25 ஆண்டு கடந்தால்தான் உள்ளே வர முடியும். நம் குடும்பம் வாங்கும் சாதாரணக் குடும்பக் கார் அந்த வரம்பைத் தொடாது. திரும்புமுன், பரிசோதனைக் காலம் மிச்சமிருக்கும்போதே அடுத்து வரும் குடும்பத்துக்கு அதை விற்றுவிடுவது என்றே திட்டத்தில் எழுதப்படுகிறது.